காகிதத்தின் ஜாதி

மனிதனுக்கு ஜாதி கற்பித்தது போதாதென்று காகிதத்துக்கும் கற்பித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சங்கதியை நாவல் படிக்கிறவர்களிடம் வந்து சொல்வானேன், வியாபாரிகள் சங்கத்தில் போய்ச் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் வியாபாரி தீர்வையைக் கட்டிவிட்டு அதை விலையில் சேர்த்துவிடுகிறார். பதிப்பாளர் அதை வாங்கிப் புத்தகத்தின் விலையில் சேர்த்துவிடுகிறார். அதற்கு மேல் சேர்ப்பதற்கு இடமில்லாமல் கடைசியில் நிற்கிறவர் நீங்கள். ஆகவே உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 98 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தில் உயிருள்ள குதிரையும் கழுதையும் வருகின்றன. 97-ஆம் அத்தியாயத்தில் ஓவியமும் சிற்பமும் வருகின்றன. நடுவே 77-ஆம் அத்தியாயம் மட்டும் காலி. பின்னால் பிறக்கப் போகிற ஏதோ ஒரு சரக்குக்காக ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்கள்! உலகத்தில் விலைக்கு வரும் எந்தப் பொருளுக்கும் இதில் ஓர் எண் உண்டு. நம் நாட்டார் மட்டும் எழுதியதல்ல இது. 1988 முதல் உலக நாடுகள் பலவற்றிலும் நடைமுறையில் இருக்கும் ஒரு பொது வரிசை முறையைத் தழுவியது.

இந்த அட்டவணையில் ஒரு புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். அச்சான புத்தகம் 49-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் காகிதம் 48-இல். அதன் மை, சாயங்களோடும் வர்ணங்களோடும் 32-இல். அச்சுத் தகடு, ஒளி படாத வரையில் போட்டோ பிலிம்களின் சொந்தக்காரனாக 37-இல் இருக்கும். ஒளி பட்டு, எழுத்து பதிந்து, அச்சுக்குத் தயாராகிவிட்டால் யந்திரங்களோடு 84-இல் போய்ச் சேரும். அச்சு யந்திரமும் அதே 84-இல்தான். 2007-இல் வீட்டுக் கம்ப்யூட்டரின் பிரிண்டரும், தெருமுனைக் கடையில் நகல் எடுக்கும் யந்திரமும் அந்த அச்சு யந்திரத்தின் தலைப்புக்கே குடிவந்தன. நீங்கள் தினமும் எழுதும் டைரி புத்தகமாகாது. அது 48-இல் கணக்கு நோட்டுகளோடு சேர்த்தி. குழந்தை வர்ணம் தீட்டும் படப் புத்தகத்துக்கு 49-இல் தனியாக ஓர் எண். காலண்டருக்கு வேறோர் எண்.

இதையெல்லாம் பரிகாசம் செய்வதற்காக நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் ஆயிரம் பெட்டிகள் வந்து இறங்கும்போது, எது என்ன என்று பிரித்துத்தான் ஆகவேண்டும். மளிகைக் கடைக்காரர் பருப்பையும் புளியையும் வெவ்வேறு டப்பாவில் போடுவதில் அநியாயம் ஒன்றும் இல்லை. செய்தித்தாள் காகிதம் எது என்பதற்கு இந்த அட்டவணை தரும் இலக்கணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 40 கிராமுக்குக் குறையாமலும் 65 கிராமுக்கு மேற்படாமலும் எடை இருக்க வேண்டும். நாரில் பாதிக்குக் குறையாமல் யந்திரத்தால் அரைத்த மரக்கூழாக இருக்க வேண்டும். இரு பக்கமும் மேற்பரப்பின் சொரசொரப்பு 2.5 மைக்ரோமீட்டரைத் தாண்ட வேண்டும். இவையெல்லாம் தராசிலும் பரிசோதனைச் சாலையிலும் தீர்ந்து போகிற விஷயங்கள். காகிதத்தின் உடம்பைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு இது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டையெல்லாம் அடுத்த கேள்வியோடுதான். காகிதத்தின் உடம்பைப் பார்த்து முடித்த பிறகு, சர்க்கார் இன்னொன்று கேட்கிறது: "நீ யார் வீட்டுக்குப் போகிறாய்? அங்கே உன்மேல் என்ன அச்சடிப்பார்கள்?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் சலுகை கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கிறார்கள். பொருளின் குணத்தால் வந்தது வகை. சேருகிற வீட்டால் வந்தது ஜாதி. நான் எதிர்ப்பது இரண்டாவதை.

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையை ஆட்டிப் படைக்க நடந்த முயற்சிகள் பல. பக்கத்துக்குத் தகுந்தபடி விலை வை என்றது 1956-ஆம் வருஷத்துச் சட்டம். அது செல்லாது என்று 1961-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. பத்துப் பக்கத்துக்கு மேல் போகாதே என்றது 1972-73-ஆம் வருஷத்துக் காகிதக் கொள்கை. அதுவும் 1972-இல் அதே கோர்ட்டில் விழுந்தது. பிறகு சுங்கத்தின் முறை வந்தது. 1981 மார்ச் முதல் தேதிக்கு முன்னால் செய்தித்தாள் காகிதத்துக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. அன்றைக்கு 15 சதவிகிதம் போட்டார்கள். அடுத்த வருஷமே அதை மாற்றி, டன்னுக்கு 550 ரூபாயும் அதன்மேல் துணைத் தீர்வையாக 275 ரூபாயும், ஆக 825 ரூபாய் என்றார்கள். பத்திரிகைகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்து, அதற்குத் தகுந்தபடி சுமையை ஏற்றி இறக்கினார்கள்.

பத்திரிகைகள் வழக்குத் தொடுத்தன. 1984 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதி வெங்கடராமையா எழுதிய அந்தத் தீர்ப்பை நான் நியாயமானது என்றே நினைக்கிறேன். பத்திரிகை என்பதற்காக எந்த வரியுமே கூடாது என்று அது சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலும் தொழில்தான். மற்றவர்களைப் போல வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சரக்கு வேறு சரக்குகளைப் போன்றதல்ல. இதன்மேல் கை வைக்கும்போது பேச்சுச் சுதந்திரத்தின் மேலும் கை படுகிறது. ஆகவே வரி போடுகிறவர்கள் அதன் விளைவை எண்ணிப் பார்த்துப் போட வேண்டும், மறுபடி யோசியுங்கள் என்று சர்க்காரிடம் திருப்பி அனுப்பியது.

இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் வாதாடியவை பத்திரிகைகள். அவர்களுக்கு வலு இருந்தது, வக்கீல் இருந்தார்கள், வாதாடினார்கள்; பலன் கிடைத்தது. புத்தகத்துக்கு யார் இருந்தார்கள்? பத்திரிகையும் புத்தகமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1867-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் இரண்டையும் ஒரே பெயருக்குள் சேர்த்து வைத்திருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் வந்த புதுச் சட்டம் பருவ இதழ்களோடு நின்றுகொண்டது. பெயரிலிருந்து புத்தகம் போய்விட்டது. அதைப் பாகப் பிரிவினை என்று சொல்வதா, புத்தகம் வீட்டை விட்டு வெளியேறிய கதை என்று சொல்வதா?

இப்போது 2019-க்கு வாருங்கள். அந்த ஜூலை மாத பட்ஜெட்டுக்கு முன்னால் செய்தித்தாள் காகிதத்துக்கும், வார மாத இதழ்கள் அச்சாகும் மெல்லிய வழவழப்புக் காகிதத்துக்கும் சுங்கம் இல்லை. பட்ஜெட்டில் இரண்டுக்கும் 10 சதவிகிதம் போட்டார்கள். பத்திரிகைகள் கூக்குரல் இட்டன. 2020 பட்ஜெட்டில் அது 5 சதவிகிதமாக இறங்கிற்று. சந்தோஷம். ஆனால் இந்தச் சலுகை யாருக்கு? எழுபது கிராமுக்கு மேற்படாத அந்த வழவழப்புக் காகிதத்தை இதழ் அச்சிடுவதற்கென்று கொண்டுவருகிறவருக்கு. உண்மையாகப் பயன்படுத்துகிறவர் இன்னார் என்று காட்டக் கூடியவருக்கு. புத்தகம் அச்சிடுகிற பூச்சில்லாத வெள்ளைக் காகிதத்துக்குப் பழைய 10 சதவிகிதமே நின்றது. அதற்காகக் கூக்குரல் இட்டவர்களின் குரல் டில்லி வரைக்கும் எட்டவில்லை.

இதன் பொருள் என்ன என்று நாவல் வாசகர்களாகிய நீங்கள் சற்று நிதானித்துப் பாருங்கள். தமிழ் நாவல் வளர்ந்த வீடு வாரப் பத்திரிகை. "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வெளிவந்து, பிறகுதான் புத்தகமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கதைகள் அதே வழியில் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஓர் ஆசிரியர் ஒரு தொடர்கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி புகுந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அவள் இதழின் பக்கத்தில் படி இறங்கினால், இறக்குமதிக் காகிதத்துக்கு 5 சதவிகிதச் சலுகை. அதே பெண், அதே படி, அதே கண்ணீர், புத்தகத்தில் இறங்கினால் 10 சதவிகிதம்! வாரா வாரம் அழுதால் சலுகை, மொத்தமாக அழுதால் அபராதம் என்று எந்த நியாய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

சுங்கத்தோடு கதை முடியவில்லை. துறைமுகத்தில் சுங்கத் தீர்வையும், அதன்மேல் சமூகநல உபரித் தீர்வையும் கட்டிய பிறகு, அந்தக் கூட்டுத் தொகையின் மேல் சரக்கு வரியும் கட்ட வேண்டும். நோட்டுப் புத்தகத்துக்கான காகிதத்துக்கு இந்த வரியை 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். அதே நாளில் அச்சடிக்கும் வெள்ளைக் காகிதத்துக்கு 12 சதவிகிதமாக இருந்ததை 18 ஆக்கிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளை தானாக எழுதுவதற்குக் காகிதம் வரியில்லாமல் வரலாம். பிறர் எழுதியதை அச்சில் படிப்பதற்கு நூற்றுக்குப் பதினெட்டுக் கட்ட வேண்டும்!

"புத்தகத்துக்குத்தான் வரியே இல்லையே" என்று யாராவது குறுக்கிடுவார்கள். மெய்தான், விற்கிற புத்தகத்துக்கு வரி இல்லை. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சோப்பு செய்கிறவர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை, சோப்பின்மேல் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்கிறார். புத்தகத்தின் மேல் வரி இல்லாததால் பதிப்பாளருக்குக் கழித்துக்கொள்ள இடமே இல்லை. காகிதத்துக்குக் கட்டியது கட்டியதுதான். நூறு ரூபாய்க் காகிதம், 10 ரூபாய் சுங்கமும் 1 ரூபாய் உபரியும் சேர்ந்து 111 ஆகி, அதன்மேல் பதினெட்டு சதவிகிதமும் ஏறி, ஏறத்தாழ 131 ரூபாயாக அச்சாபீஸ் வாசலில் வந்து நிற்கிறது. முன்வாசலில் "அறிவுக்கு வரியில்லை" என்று பலகை மாட்டிவிட்டு, கொல்லை வழியாக முப்பத்தொரு ரூபாயை எடுத்துக்கொள்கிற வித்தை இது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விசித்திரத்தை வைத்துப் பாருங்கள். 2019-இல் அதே பட்ஜெட், வெளிநாட்டிலிருந்து வரும் அச்சிட்ட புத்தகத்துக்கு 5 சதவிகிதச் சுங்கம் போட்டது. அதற்கு முன் அதற்குச் சுங்கம் இல்லை. உள்நாட்டுப் பதிப்புத் தொழிலையும் அச்சுத் தொழிலையும் ஊக்குவிப்பதற்காக என்று நிதி மந்திரி காரணம் சொன்னார். ஆக, வெளியே அச்சாகி வரும் நூறு ரூபாய்ப் புத்தகம் ஏறத்தாழ 105 ரூபாயில் உள்ளே வருகிறது. இங்கே புத்தகம் அச்சிட வரும் நூறு ரூபாய்க் காகிதம் 131 ஆகிறது. அரிசிக்கு அதிக வரியும் சோற்றுக்குக் குறைந்த வரியும் போட்டுவிட்டு, "வீட்டிலேயே சமையுங்கள்" என்று உபதேசம் செய்கிறார்கள்!

அந்த 5 சதவிகிதத்தையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகம் சீப்பும் கண்ணாடியும் அல்ல, ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்வதற்கு. வைத்திய மாணவனுக்கு வேண்டிய ஒரு நூல் வெளியூரில்தான் அச்சாகிறது என்றால், அதன் விலையை ஏற்றிவிட்டதனால் அவன் அதற்குப் பதிலாக உள்ளூர்ப் பஞ்சாங்கத்தை வாங்கிப் படித்துவிட மாட்டான். அந்த நூலை வாங்காமல் இருப்பான். அல்லது திருட்டு நகல் எடுப்பான். எந்த உள்நாட்டுப் பதிப்பாளர் இதனால் வாழ்ந்தார்? டொரான்டோவில் குடியேறிய ஓர் ஈழத்துக் கவிஞர் அங்கே அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைச் சென்னைக்கு அனுப்பினால், தமிழ் எழுத்து தமிழ் நாட்டுக்குள் வருவதற்கு அந்நியச் சரக்கென்று தீர்வை கேட்கிறது இந்த விதி. இதைத் தொழில் ஊக்குவிப்பு என்று சொன்னால் தமிழுக்குச் சிரிப்புத்தான் வரும்.

"ஐயா, உள்நாட்டுக் காகித ஆலைகள் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய முடியும் என்று காட்டிய ஆலை, கரூர்ப் பக்கத்தில் காகிதபுரத்தில் இருக்கிறது. 1979-இல் தொடங்கிய நிறுவனம் அது, சர்க்கார் முயற்சி. மரத்தை வெட்டாமல் சக்கையை எழுத்துக்கு ஆசனமாக்கியது பெருமைக்குரிய வேலை. அதைக் காக்க வேண்டுமானால் நேராகக் காக்கட்டும். ஆனால் இந்த வரிகளைப் பாருங்கள். பதினெட்டு சதவிகிதம் கரூர்க் காகிதத்துக்கும் உண்டு, கடல் கடந்து வந்ததற்கும் உண்டு. சுங்கமோ, ஆசியான் நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து சான்றிதழோடு வரும் காகிதத்துக்குப் பெரும்பாலும் இல்லவே இல்லை. உள்ளூர் ஆலைக்கு அரணென்று சொல்லப்படும் வேலியில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. சலுகைக் கதவுகளின் சாவியெல்லாம் பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் தயார் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கதவு திறக்கிறது.

அப்படித் தெரியாதவர்கள் யார்? சென்னை ஆண்டர்சன் தெருவில் போய், கையில் இருக்கும் பணத்துக்கு இத்தனை ரீம் என்று கேட்டு வாங்கி, முந்நூறு பிரதி அச்சடிக்கும் சின்னப் பதிப்பாளர். நண்பர்களிடம் சந்தா பிரித்துச் சிறு பத்திரிகை நடத்துகிற இளைஞர். இவர்கள் கப்பலில் காகிதம் தருவிக்கிறவர்கள் அல்ல. கடைக்காரர் யாருக்கு விற்கப் போகிறோம் என்று அறியாமல் கிடங்கில் வாங்கி வைத்திருக்கும் காகிதத்துக்கு, "இதைப் பயன்படுத்துகிறவர் இன்னார்" என்று முன்கூட்டிச் சான்று காட்ட முடியாது. சிறு பத்திரிகையும் பத்திரிகைதான். ஆயினும் சலுகை அந்த ஏழைக் குடிசையின் வாசலைத் தாண்டிப் போய் மாளிகைக்குள் நுழைந்துவிடுகிறது. தமிழில் புதிதாக எழுத வந்தவர்கள் எத்தனையோ பேர் முதலில் அச்சேறியது இந்தக் குடிசைகளில்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சுங்க விதியை எழுதுகிறவர் ஒரு சொல்லைத் தளர்வாக வைத்தால் வாசகன் தலையில் என்ன விழும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே 1995-இல் புத்தகத் தொழிலுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். புத்தகங்களோ, புத்தக வெளியீட்டுக்குப் பயன்படும் மூலப்பொருள்களோ வந்தால் வரியும் சுங்கமும் இல்லை என்பது அதன் கருத்து. ஆண்டுகள் பல கழிந்தன. 2009-இல் சுங்கத்தாரும் நிதி இலாகாவினரும் வாக்கியத்தைப் புதிதாகப் படித்தார்கள். "புத்தக வெளியீட்டுக்குப் பயன்படும்" என்ற அடைமொழி மூலப்பொருளுக்கு மட்டுமல்ல, புத்தகத்துக்கும் சேர்ந்தது என்றார்கள். ஆகையால், வேறு புத்தகம் தயாரிக்கப் பயன்படுகிற புத்தகத்துக்குத்தான் விலக்கு. வாசகன் வாங்கிப் படிக்கிற புத்தகத்துக்குத் தீர்வை! நடுவில் ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் இந்த வியாக்கியானத்துக்கு இடமே இருந்திராது. எந்தப் புத்தகத்தை அரைத்து எந்தப் புத்தகம் செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. "ட்வைலைட்" என்ற ஒரு மோகினிப் பிசாசுக் காதல் கதை அமோகமாக விற்றது சுங்கத்தாரின் கண்ணை உறுத்தியதுதான் ஆரம்பம் என்று அப்போது எழுதினார்கள்.

அந்த நாடு, அறிவுப் பொருள்களுக்குச் சுங்கம் வேண்டாமென்று யுனெஸ்கோ 1950-இல் பிளாரன்ஸ் நகரத்தில் செய்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. உடன்படிக்கை ஏட்டில் இருந்தது. புத்தகம் கிடங்கில் கிடந்தது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. எழுதினார்கள், பேசினார்கள், ஊரெல்லாம் அதையே பேச வைத்தார்கள். 2009 மே மாதத்தில் ஜனாதிபதி அர்ரோயோ அந்தத் தீர்வையை விலக்கச் சொல்லி உத்தரவிட்டார். அதைச் சாதித்தவர்கள் கதைப் புத்தகம் படிக்கிற சாதாரண ஜனங்கள். நம்மைப் போன்றவர்கள்.

நாம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. மூன்றே மூன்று. முதலாவது, படிப்பதற்காக அச்சிடும் காகிதத்துக்கு ஒரே விகிதம் வேண்டும். அது நாளிதழா, வார இதழா, புத்தகமா, கொண்டுவருகிறவர் பெரியவரா சிறியவரா என்று கேட்கக் கூடாது. எடையைப் பாருங்கள், நாரைப் பாருங்கள், சொரசொரப்பைப் பாருங்கள். போகிற வீட்டைப் பார்க்காதீர்கள். காகிதத்தைப் படிப்புக்கென்று வாங்கிவிட்டு வேறு காரியத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்று பயமானால், திருப்புகிறவனைத் தண்டியுங்கள். கள்ளச் சாவி போடுகிறவன் ஒருவன் இருப்பான் என்பதற்காக ஊரார் வீட்டுக்கெல்லாம் வாசற்படி இல்லாமல் கட்டுவார்களா?

இரண்டாவது, 2019-இல் அச்சிட்ட புத்தகத்தின் மேல் போட்ட சுங்கத்தை எடுத்துவிட வேண்டும். சர்க்காருக்கு அதனால் வரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஒரு மாணவன் வாங்க முடியாமல் போன புத்தகத்தின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது, புத்தகத்துக்கு வரி இல்லை என்பது மெய்யாக இருக்கட்டும். நோட்டுப் புத்தகக் காகிதத்துக்குச் செய்ததை அச்சுப் புத்தகக் காகிதத்துக்கும் செய்யலாம். அல்லது பதிப்பாளர் காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தரலாம். இரண்டில் எது செய்தாலும் சரி. முன்வாசற் பலகையும் கொல்லைக் கதவும் ஒரே பேச்சைப் பேச வேண்டும்.

தொழிற்சங்கங்கள் மனுக் கொடுக்கும், பதிப்பாளர் சங்கங்கள் தீர்மானம் போடும், கொடுக்கட்டும், போடட்டும். அவர்களுடைய மனுவைச் சர்க்கார் லாபக் கணக்காகத்தான் படிக்கும். வாசகருடைய கடிதத்துக்கு அந்தத் தோஷம் கிடையாது. ஆகவே அடுத்த தடவை ஒரு நாவலைக் கையில் எடுத்து, பின்னட்டையைத் திருப்பி, "என்ன இவ்வளவு விலை!" என்று பதிப்பாளரை வைவதற்கு முன், அந்த விலையில் ஒரு பங்கு கதைக்காகவும் அல்ல, அச்சுக்காகவும் அல்ல, காகிதம் தவறான வீட்டில் வாழ்க்கைப்பட்ட குற்றத்துக்காக என்று நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்ததை உங்கள் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு நாலு வரியில் எழுதிப் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் கொடுத்த துண்டுப் பிரசுரமும் ஏதோ ஒரு ஜாதிக் காகிதத்தில் அச்சானதுதான்.